நாங்கள் கழுவிய கோடு

என்னை இங்கே எல்லாரும் குச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வயது இருபத்திரண்டு. இருப்பது ஒரு சலவைக் கூடத்தின் மேல்மாடியில், துணி உலர்த்தும் தளத்தில். நீராவிக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறது. இப்போதைக்கு அதுதான் என் விலாசம். அக்கா, நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது, அதைத்தான் அனுப்புகிறேன். கீழே மிஷின் ஓடுகிற சத்தத்தில் அது வேறு எதையாவது எழுதிவைத்தால் நீயே திருத்திக்கொண்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டு. நடுவில் பயப்படுகிற மாதிரி வரும். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் அழச் சொல்.

இருட்டு விலகுவதற்குள் ஆஸ்பத்திரி லாரி வந்து, பின்பக்கத்தைக் கூடத்து மேடையில் ஒட்டி நிற்கும். மூட்டைகளை முதுகில் வாங்கி உள்ளே கொண்டுபோக வேண்டும். ஈரத் துணியின் கனம் வேறு எதற்கும் கிடையாது. பிணம்கூட இவ்வளவு கனக்காது என்பார் சந்தேகம் மாமா. பெரிய வாஷிங் மிஷினை ஓட்டுகிறவர் அவர். எதைச் சொன்னாலும் "இதுல ஏதோ இருக்கு" என்பார். டீயில் சர்க்கரை கூடினால், எதற்காகக் கூட்டினான் என்று யோசித்தபடியே குடிப்பார். அதனால் வந்த பெயர்.

மூட்டையை அவிழ்த்ததும் துணி என் மேசைக்கு வரும். கறை மேசை. ரத்தம் ஒரு பக்கம், மஞ்சள் மருந்து ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், துரு ஒரு பக்கம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பிரம்மனே வந்தாலும் எழுப்ப முடியாது. கையுறை கிழிந்தால் புதுசு கேட்கக் கூடாது. என் விரல் நுனிகள் தோலுரிந்து, வேகவைத்த மாதிரி இருக்கின்றன. ஒரே ஒரு விரிப்பு கறையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால் போதும், அந்த ஷிப்டில் நின்ற அத்தனை பேருக்கும் கூலியில் பிடித்தம். அதனால் எங்கள் ஆட்கள் கண்ணில் ஒரு கறை பட்டால் கை தானாகப் போய்விடும். போகிற வழியில் யாரோ வீட்டுக் கதவில் அழுக்கைப் பார்த்து, நின்று, நகத்தால் சுரண்டிப் பார்க்கிறவள் எங்கள் அண்ணி.

அண்ணி எனக்கு மட்டும் அண்ணியில்லை, கூடத்துக்கே அண்ணி. தேய்ப்பு உருளையில் நிற்கிறாள். கொதிக்கிற உருளைக்குள் ஈர விரிப்பைச் சுருக்கம் விழாமல் கொடுப்பது அவள் வேலை. கொடுத்த கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். அவள் வீட்டுக்காரரை டிரைவர் அண்ணன் என்போம். எங்கள் லாரியை ஓட்டியவர்தான். துணி வண்டி சரிந்து இடுப்பில் விழுந்த நாளிலிருந்து அவருக்குக் கால் இல்லாத மாதிரிதான். முதலாளி அவரை வேலையிலிருந்து எடுத்தார், அறையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் உருளைக்கு ஆள் போய்விடுமே.

நான் சொல்ல வந்த நாளன்று முதல் லாரி போன கையோடு சூப்பர்வைசர் வந்து கைதட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மாடிக்குப் புது மிஷின் வருது. மேல ஒரு பாய் கூட இருக்கக் கூடாது. அடுத்த வாரத்துக்குள்ள அவங்கவங்க பழைய ரூமுக்குப் போயிடுங்க."

"எந்த ரூமு?" என்றாள் அண்ணி, உருளையை நிறுத்தாமல்.

"கீழ் ரூம்தான். வேற எது, அரண்மனையா?"

"தண்ணி வந்த ரூமா?"

"தண்ணி வந்துச்சுன்னு யாரு சொன்னா? அரசாங்கமே வெள்ள வரைபடம் போட்டுடுச்சு. தண்ணி நின்ன தெருவெல்லாம் நீலம். நம்ம தெரு வெள்ளை. வெள்ளைன்னா வெள்ளம் வராத இடம்."

"அப்ப அன்னைக்கு நான் குடிச்சது என்னய்யா?" என்றார் சந்தேகம் மாமா.

"நீங்க எப்பவும் குடிக்கிறதுதான், மாமா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. அவள் கொடுத்த விரிப்பு கோணலாகப் போய் உருளையில் சுருண்டது. அதற்கு முன்னால் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அக்கா, வெள்ளத்தைப் பற்றி உங்களிடம் நான் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

கீழ் அறை என்றால் கூடத்துக்கு அடியில், தெருவிலிருந்து படியிறங்கிப் போகிற அறை. ஜன்னல் தெருவோடு சமமாக இருக்கும். படுத்தபடி பார்த்தால் போகிறவர்களின் செருப்பு தெரியும். முகம் பார்க்காமலே, செருப்பை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவோம். தண்ணீர் வந்தது நட்ட நடுப்பகலில். ராத்திரி ஷிப்ட் முடித்து நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக முதலில் வந்தது ஒரு செருப்புதான். செருப்புக்குள் கால் இல்லை. என்னடா இது என்று எழுந்து உட்கார்ந்தால் பாய் மிதக்கிறது.

அண்ணி பகல் ஷிப்டில் இருந்தாள். புருஷன் கீழே கிடக்கிறாரே என்று உருளையை விட்டு ஓடிவந்தாள். அவள் தெருவில் கால் வைத்ததும் பின்னால் கூடத்து ஷட்டர் இறங்கியது. உள்ளே மணல் மூட்டை அடுக்கினார்கள். கூடம் லாரி மட்டத்துக்கு மேடை கட்டி உயர்த்தியது. ஷட்டரைச் சாத்தி மூட்டை போட்டால் மிஷினுக்குத் தண்ணீர் போகாது. எங்களுக்கும் உள்ளே வழி கிடையாது. தெருவின் இரண்டு முனையிலும் தண்ணீர் இழுப்பு, கால் வைத்தால் ஆளையே கொண்டுபோய்விடும். நின்றால் கூடத்துச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். சுவர் நெடுக, சூடு தெரியாமல் சாக்குச் சுற்றிய நீராவிக் குழாய் ஒன்று போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். டிரைவர் அண்ணனை ஒரு ஆஸ்பத்திரி விரிப்பில் போட்டுத் தூக்கி, நாலு முனையையும் குழாயில் கட்டினோம். தொட்டில் மாதிரி. மாடியிலிருந்து நம் ஆட்கள் விரிப்புகளை முடிச்சுப் போட்டு இறக்கினார்கள், பிடித்துக்கொள்ள. தண்ணீர் இறங்கிய பிறகுதான் ஷட்டர் ஏறியது. மிஷின்கள் எல்லாம் ஈரம் படாமல், பளபளவென்று இருந்தன. அன்றிலிருந்து நாங்கள் எல்லாரும் மாடியில்தான் படுக்கிறோம்.

யாரும் சாகவில்லை. அதை அம்மாவிடம் இரண்டு தடவை சொல்.

சேறு காய்ந்த பிறகு பெயின்ட் டப்பாவோடு இரண்டு பேர் வந்தார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார்த்து, அதன் மேல் நீலக் கோடு இழுத்து, பக்கத்தில் ஏதோ எண் எழுதினார்கள். எதற்கு என்று கேட்டோம். மேலிருந்து உத்தரவு என்றார்கள். அவ்வளவுதான். நம்மைப் போன்றவர்கள் வீட்டுச் சுவரில் அரசாங்கம் கோடு போட்டால் அதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? சாயங்காலத்துக்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது. கோடு போட்ட வீட்டை இடிக்கப் போகிறார்கள். இடிக்க வருகிறபோது வேலை அனுமதிச் சீட்டைக் கேட்பார்கள். சீட்டில் கொஞ்சம் கோளாறு இருந்தாலும் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"சுவத்துல கோடு போடுறவன் நம்ம நல்லதுக்கா போடுறான்? இதுல ஏதோ இருக்கு" என்றார் சந்தேகம் மாமா. அன்று அவர் சொன்னதை எல்லாரும் நம்பினோம்.

அடுத்த விடுமுறை நாளில் கழுவினோம். முதலாளியே மருந்து அறையைத் திறந்துவிட்டார். பிளீச்சிங் பவுடரை நகைக்கடைக்காரன் மாதிரி நிறுத்துத் தருகிற மனுஷன், அன்று டிரம்மையே உருட்டிவிட்டார். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்போம் என்கிற கூட்டம் நாங்கள். ஆளுக்கு இரண்டு வாளி அள்ளினோம். கம்பி பிரஷ், பெயின்ட் எடுக்கிற மருந்து, சுடுதண்ணீர். நீலக் கோடு போயிற்று. கோட்டுக்குக் கீழே சேற்றுக் கறை விட்டுப்போய்விட்டதே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியுமா? அதையும் எடுத்தோம். செங்கல் இடுக்கில் இருந்ததை ஆணியால் கிளறி எடுத்தோம். அந்தச் சுவர் கட்டின நாளில்கூட அப்படி இருந்திருக்காது. கீழ் அறைகளுக்கு உள்ளே முதலாளி சுண்ணாம்பு அடித்தார். நாங்கள் குடிவந்த காலத்திலிருந்து அடிக்காத சுண்ணாம்பு.

பக்கத்துத் தெருவில் அட்டைப்பெட்டி செய்கிற பட்டறை இருக்கிறது. அவர்களும் எங்களைப் போல வந்தவர்கள்தான். அவர்கள் கழுவவில்லை. பெட்டி ஒட்டுகிறவர்களுக்குச் சுவரில் கறை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

சூப்பர்வைசர் வந்து கைதட்டிய அன்று, மத்தியானம் குழாயடியில் அண்ணி ஒரு பெட்டிக்கார அக்காவைப் பார்த்தாள். அவள் புதுப் பூட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

"எங்க கீழ் ரூமையெல்லாம் சீல் வச்சுட்டாங்க" என்றாளாம் அவள். "இனிமே அங்க ஆளைப் படுக்க வைக்கக் கூடாதாம். வேற ரூமுக்கு வாடகை அரசாங்கம் தருது. எங்களுக்கு மாடி ரூம் கிடைச்சிருக்கு. ஜன்னல்ல மரமெல்லாம் தெரியுது. உங்களுக்கு எந்தப் பக்கம் குடுத்தாங்க?"

"எங்களுக்கு ஒண்ணும் குடுக்கல."

"கோடு போட்ட வீட்டுக்கெல்லாம் உண்டாச்சே. ரெண்டாவது தரம் மேப்புக்காரங்க வந்து கோட்டைத்தானே அளந்துட்டுப் போனாங்க."

அண்ணி தண்ணீர்க் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் கூடத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. நம் கையாலேயே கழுவிவிட்டோம் என்பது ஒரு பக்கம். யார் சொல்லிக் கழுவினோம் என்பது இன்னொரு பக்கம். பிழியும் மிஷினில் இருக்கிறவன் சந்தேகம் மாமாவைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதான மாமா சொன்னீங்க, இதுல ஏதோ இருக்குன்னு?"

"நான் எதுலதான்டா சொல்லல? இடிக்கப் போறாங்கன்னு நான் சொன்னேனா?"

"அப்ப யாரு?"

"எனக்கு மடிக்கிறவ சொன்னா."

மடிக்கிற பெண் உருளையின் அந்தப் பக்கம் நின்றாள். அவள் முகம் சிவந்துபோனது. "எனக்கு லாரி கிளீனர் சொன்னாரு. நானா கட்டிவிட்டேன்?"

கிளீனரைக் கூப்பிட்டார்கள். அவன் என்னைக் கைகாட்டினான். அக்கா, கையிலிருந்த விரிப்பை மேசையில் போட்டேன். எல்லாக் கண்ணும் என் மேல் இருக்கின்றன. நான் சொன்னது வாஸ்தவம்தான். எனக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தேன், சட்டென்று வரவில்லை. வராததைப் பார்த்து அவர்கள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"குச்சி, முதலாளி உன்ன அப்பப்ப ரூமுக்குக் கூப்பிடுறாரே, எதுக்கு?" என்றான் பிழியும் மிஷின்காரன்.

"போன்ல செட்டிங் மாத்தித் தரச் சொல்வாரு. அதுக்குத்தான்."

"அதுக்கு மட்டும்தானா?"

அண்ணி உருளையை நிறுத்தினாள். வேலை நேரத்தில் உருளை நிற்பது என்பது சின்ன விஷயமில்லை. "விடுங்கடா அவன. குச்சி, பதறாம யோசி. அன்னைக்கு எங்க நின்னுட்டு இருந்தே?"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். முதுகில் மூட்டை. தலை குனிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் நின்று சொன்ன ஆளுடைய ஒரு ஜோடி செருப்பு. இடது கால் கட்டைவிரல் வார் பிய்ந்து, ஊக்குக் குத்தியது.

"சூப்பர்வைசர்" என்றேன்.

மடிக்கிற பெண் தலையசைத்தாள். "கிளீனர் சொன்னதுக்கப்புறம் நானும் போய் அவர்கிட்டதான் கேட்டேன். ஆமா, சீக்கிரம் கழுவுங்கன்னாரு."

சூப்பர்வைசர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகம் மாமா போய்க் கதவைத் திறந்தார். சத்தம் போடவில்லை. "உனக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, மாமா" என்றார் சூப்பர்வைசர். "மேல இருந்து சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும்."

"ஷட்டரை இறக்கினதும் மேல இருந்து சொல்லித்தானா?"

அவர் குனிந்து மேசை மேலிருந்த ஷிப்ட் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

முதலாளியிடம் நாலு பேர் போனோம். அண்ணி, சந்தேகம் மாமா, பிழியும் மிஷின்காரன், நான். போனதும் முதலாளி உட்காரச் சொன்னார். எங்களை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உட்காரச் சொல்றான்டா, உஷாரு" என்று மாமா என் காதில் சொன்னார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

"புரியுது, புரியுது" என்றார் முதலாளி. "ரூம் மாத்துறதுன்னா கஷ்டம்தான். வெள்ளத்தப்ப உங்களுக்கு டீயும் ரொட்டியும் வாங்கிக் குடுத்தது யாரு? நான்தானே? உங்களை வேலைக்காரங்களாவா நடத்துறேன்?"

"ஷட்டர இறக்கச் சொன்னது யாருங்க?" என்றாள் அண்ணி.

"அம்மா, மிஷின் போயிருந்தா இன்னைக்கு உனக்கு வேலை இருக்குமா? அதை யோசிச்சியா?"

"மிஷினு பொழச்சுக்கிச்சு. அதைப் பத்திக் கேக்க வரல. கீழ் ரூமுக்கு நாங்க போக மாட்டோம். என் வீட்டுக்காரரை இன்னொரு தரம் விரிப்புல கட்டித் தொங்கவிட என்னால ஆகாது."

"அது என்னம்மா பேச்சு? வரைபடம் நானா போட்டேன்? படிச்சவங்க போட்டது. வானத்துல இருந்து படம் எடுக்கிறாங்க, கம்ப்யூட்டர்ல கணக்குப் பண்றாங்க. வெள்ளைன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"வானத்துக்குத் தெரியாம இருக்கத்தான் டிரம்மை உருட்டி விட்டீங்களா?" என்றார் மாமா.

முதலாளியின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் பயமாக இருக்கும். "கோட்டை அழிச்சது யாரு? என் கையில பிரஷ் இருந்துச்சா? அரசாங்கம் போட்ட அடையாளத்தை அழிச்சா என்ன கேஸுன்னு தெரியுமா? வாசல் கேமராவுல ஒவ்வொரு மூஞ்சியும் இருக்கு. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டல." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "குச்சி, உன் அனுமதிச் சீட்டுப் புதுப்பிக்கிறது எப்ப?"

நான் தேதியைச் சொல்ல வாயெடுத்தேன். மாமாதான் பேசினார்.

"அந்தக் கேமரா வெள்ளத்தன்னைக்கு இருந்துச்சுங்களா?"

"அன்னைக்குக் கரண்டு இல்ல."

"கழுவினன்னைக்கு இருந்துச்சு" என்றார் மாமா. "சரிதான். கரண்டுக்குக்கூட எப்ப வரணும்னு தெரிஞ்சிருக்கு."

சாப்பாட்டு நேரத்தில் மாடியில் கூடினோம். கொடிகளில் விரிப்புகள் தொங்க, நடுவில் உட்கார்ந்து பேசினோம். விரிப்புக்குப் பின்னால் யாராவது நின்று கேட்கிறார்களா என்று ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். வரைபடத்துக்கு ஆட்சேபணை சொல்லலாம், சொன்னால் அளவுக்காரர் திரும்ப வந்து பார்ப்பார் என்று பெட்டிக்கார அக்கா சொல்லியிருந்தாள். ஆனால் வந்தவர் கோடு எங்கே என்று கேட்டால்?

"மழைதான்னு சொல்லிடலாம். மழையில அழிஞ்சுபோச்சு" என்றான் கிளீனர்.

"நாம எடுத்த கறைய மழை எடுத்துச்சுன்னா சொல்றே?" என்றாள் மடிக்கிற பெண். அவளுக்கு அது ரோஷமாகவே இருந்தது.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன. பேசாம ஊர் போய்ச் சேரலாம்" என்றான் பிழியும் மிஷின்காரன்.

டிரைவர் அண்ணன் நீராவிக் குழாயோரம் என் பாயில் படுத்திருந்தார். "அவங்களுக்கு அந்தச் சாணும் முழமும்தாண்டா வேணும்" என்றார். "எத்தனை சாண்னு நாமதான் சொல்லணும்."

"சொன்னா அழிச்சது யாருன்னு கேப்பாங்க. ஒருத்தன் மாட்டுவான்."

"ஒருத்தன் சொன்னா ஒருத்தன் மாட்டுவான்" என்றார் சந்தேகம் மாமா. "எனக்கு இங்க இருக்கிற யார் மேலயும் முழு நம்பிக்கை கிடையாது. என் மேலயே கிடையாது. முதலாளி தனியாக் கூப்பிட்டு நல்லதா நாலு வார்த்தை சொன்னா நானே கவுந்துடுவேன். அதனால தனியா யாரும் இருக்கக் கூடாது. அளவுக்காரர் வர்ற வரைக்கும் ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும். வந்ததும் எல்லாருமாச் சேர்ந்து சொல்லணும்."

அப்படியே செய்தோம். கழிப்பறைக்குக்கூட ஜோடியாகப் போனோம். என்னோடு போட்டது பிழியும் மிஷின்காரனை. அவன் என்னைக் காவல் காத்தானா, நான் அவனைக் காவல் காத்தேனா, தெரியாது. ஆட்சேபணையை என் போனில்தான் அனுப்பினேன். அனுப்புகிற பொத்தான் மேல் விரலை வைத்தேன். அவன் தன் விரலை என் விரல் மேல் வைத்து அழுத்தினான்.

அளவுக்காரர் ஒரு பெண். மூன்று கால் வைத்த அளவுக் கருவியும், ஏணி மாதிரிக் கோடு போட்ட நீளக் கம்பும் கொண்டுவந்தார். வந்ததும் முதலாளி அவரை அறைக்கு அழைத்துப்போனார். கதவைச் சாத்தினார். நாங்கள் தெருவில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "போச்சு" என்றார் மாமா. அந்த அம்மாள் வெளியே வரும்போது கையில் டீக் கோப்பை இருந்தது. அதை அவர் குடித்திருந்தாரா இல்லையா என்று எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பாதி குடித்திருந்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

"அடையாளம் எங்கே?" என்றார்.

"கழுவிட்டோம்" என்றாள் அண்ணி.

"யார் கழுவினது?"

முதலாளி படியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரை ஒரு தடவை பார்த்தோம். அப்புறம் மாமா ஓரடி முன்னால் வந்தார். "அந்த மூலையில இருந்து ஜன்னல் வரைக்கும் நான்."

"ஜன்னலுக்கு மேல நான்" என்றாள் மடிக்கிற பெண். "செங்கல் இடுக்கு எல்லாமே நான்தான்."

"தூண் என்னோடது" என்றான் பிழியும் மிஷின்காரன்.

"பெயின்ட்டை எடுத்தது நான்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "கோட்டுக்கு முதல்ல மருந்து, அப்புறம் கம்பி பிரஷ். மருந்து குடுத்தது அவரு."

கிளீனரும் சொன்னான். மாடி ஆட்களும் இறங்கி வந்து சொன்னார்கள். யாருடைய பங்கு எது என்று சுவர் முழுக்கப் பிரிந்துவிட்டது, ஒரு கல்கூட மிச்சமில்லை. அந்த அம்மாள் பேனாவை எடுத்தார், எழுதவில்லை. "இத்தனை பேர் மேல கேஸ் போட்டா நான் ஓய்வு பெறுற வரைக்கும் எழுதணும்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். "சரி, தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

"இது வரைக்கும்" என்று அண்ணி சுவரோரம் போய் நின்றாள், அன்று நின்ற இடத்தில். கழுத்துக்கு நேராக உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். அண்ணி குள்ளம். அவளுக்குப் பக்கத்தில் நின்றது நான். எனக்கு நெஞ்சுக்குக் கீழே. வைத்தேன். மாமா வந்து தோளுக்கு நேராக வைத்தார். ஒவ்வொருவரும் குழாயைப் பிடித்து நின்ற இடத்துக்குப் போனோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. உடம்பு அந்த இடத்தை மறக்கவில்லை. டிரைவர் அண்ணனை நாற்காலியோடு தூக்கி வந்தோம். "தொங்கிட்டு இருந்தேன். முதுகு நனைஞ்சுது, அதுதான் எனக்குத் தெரியும்" என்று கையை நீட்டி, எட்டாமல், "இன்னும் தூக்குங்கடா" என்றார். தூக்கினோம். வைத்தார்.

அந்த அம்மாள் கருவிக்குப் பின்னால் குனிந்து, கண்ணை வைத்தார். வெகுநேரம் எழவில்லை. கம்பைப் பிடித்திருந்த அவருடைய ஆள் ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில் வைத்து வைத்து நகர்ந்தான்.

"முன்னாடியே பேசி வச்சு வந்து நிக்கிறாங்க, மேடம்" என்றார் முதலாளி. "இதெல்லாம் ஒரு சாட்சியா?" அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரி லாரி நிக்குது. உருளை சும்மா கொதிக்குது. கையை எடுத்துட்டு உள்ள போறவங்க பேர் மட்டும்தான் நாளைக்கு ஷிப்டுல இருக்கும்."

எனக்குக் கை வலித்தது. எடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எடுத்துவிடுவேனோ என்று. அவர் விரல்களை அகட்டிச் சுவரில் இன்னும் அழுத்தினார்.

அப்போது தெருமுனையில் பெட்டிக்காரர்கள் வந்தார்கள். கையெல்லாம் பசை. பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பெட்டிக்கார அக்கா நேராக வந்து, வரிசை முடிகிற மூலையில், எங்கள் சுவரிலேயே கையை வைத்தாள்.

"உங்களுக்குத்தான் ரூம் கிடைச்சாச்சே, நீ ஏன் வந்தே?" என்றார் மாமா. பழக்க தோஷம்.

"எங்க சுவத்துக் கோடு இந்த மூலையோட நிக்குது" என்றாள் அவள். "தண்ணி இங்க வந்து நின்னு, திரும்பிப் போயிடுச்சாக்கும்?"

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கை. அந்த அம்மாள் முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை யாரும் எடுக்கவில்லை.

"மட்டம் சரியாத்தான் வருது" என்றார், கருவியைக் கழற்றிக்கொண்டே. "எழுதிக்கறேன். ஆனா முடிவு என் கையில இல்ல. அன்னைக்கு எடுத்த படம் ஏதாவது இருக்கா? படம் இருந்தா மேல யாரும் தட்டிக்கழிக்க முடியாது."

ஷிப்டில் போன் கூடாது என்பதால் எங்கள் எல்லார் போனும் கீழ் அறையில்தான் இருந்தது, அன்று தண்ணீரோடு போய்விட்டது. இல்லை என்றோம். அவர் அதையும் எழுதிக்கொண்டார். எங்களுக்காக எழுதினாரா, எங்களுக்கு எதிராக எழுதினாரா, இன்னும் தெரியவில்லை.

மறுநாள் ஷிப்டில் எங்கள் யார் பெயரும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி லாரி வந்து நின்றுவிட்டது. மூட்டை இறக்க ஆள் இல்லை. மத்தியானம் சூப்பர்வைசர் மாடிக்கு வந்து, யாரையும் பார்க்காமல், உருளைக்கு மட்டும் அண்ணி வரலாம் என்றார். எல்லாரும் வந்தால் நானும் வருவேன் என்றாள் அண்ணி. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் கீழே இறங்கி வேலை செய்தோம். புது மிஷின் பிரிக்காத பெட்டியோடு வாசலில் கிடக்கிறது. எங்கள் பாய்கள் மாடியில் இருக்கின்றன. நாங்கள் நகரவில்லை. இன்னும் இரண்டு இரண்டு பேராகத்தான் போகிறோம். என்னோடு வருகிறவன் இப்போது என் கையுறை கிழிந்தால் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றித் தருகிறான்.

வரைபடம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, அக்கா. வானமும் இருட்டிக்கொண்டு வருகிறது. அம்மாவிடம் நான் மாடியில்தான் படுக்கிறேன் என்று சொல். அது பொய்யில்லை.

இதை நம் ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பு. அவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பட்டும். வெள்ளத்தன்று எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கால்வாய்ப் பாலத்தின் மேல் நிறையப் பேர் நின்று போனில் படம் எடுத்தார்களாம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் சுவர் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் அப்படி யாராவது இருந்தால், ஏன் எடுத்தீர்கள், ஏன் இறங்கி வரவில்லை என்று நாங்கள் கேட்க மாட்டோம். அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். எங்களுக்கு அனுப்புங்கள்.